பசுமைக்குடில் நமக்கு ஏற்றதா?

ஓசூரிலும் நீலகிரியிலும் பசுமைக்குடில்களைக் கண்டு வந்த வேளாண் அங்கத்தினர் சிலர், ஜலகண்டாபுரத்திலும் கடன் பெற்று அவ்வாறே அமைக்கலாமா என்று நம்மை வினவுகின்றனர். இவ்வினாவுக்கு அவசரப்பட்டு விடை கூறுதல் தகாது. குடில் பயன்படாது போயினும், நிலத்தின் பேரில் வாங்கிய கடன் போகாது. ஆகவே இதன் இயல்பை ஒருவாறு விளக்க விரும்புகிறோம்.

பசுமைக்குடில் குளிர் நாடுகளில் பிறந்தது. கண்ணாடியோ பாலிதீன் தாளோ வெயிலை உள்ளே விடுகிறது. வெயிலால் மண் சூடேறுகிறது. மண்ணைத் தொட்ட காற்றும் சூடேறி, மேலெழுந்து வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குகிறது. காற்றைச் சிறைப்படுத்துவதே இவ்வெப்பத்திற்கு முதன்மையான காரணம் என்பதை, 1909-ம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஆர். டபிள்யூ. வுட் இரண்டு பெட்டிகளைக் கொண்டு எளிய சோதனை செய்து காட்டினார். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் நீலகிரியில், கார்னேஷன் மலருக்கு இவ்வெப்பம் ஒரு போர்வையாகும். ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலுள்ள ஓசூரின் தண்மையும் குடில் ரோஜாவுக்கு உகந்தது.

நம் ஊரின் நிலை வேறு. இங்கே பயிருக்குப் பகை குளிரன்று, கோடையே. சித்திரை, வைகாசியில் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைக் கடப்பதுண்டு. பகல் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் நீடித்தாலே தக்காளியின் மகரந்தம் வலுவிழக்கும், பூ உதிரும். அத்தகைய காலத்தில் மூடிய குடில் போர்வையாகாது, அடுப்பாகும்.

அடுத்து, காற்றின் ஈரம். இதை நம் நெசவாளர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. குழித்தறியில் தரையை ஒட்டிய ஈரம் நூலைப் பதமாக வைக்கிறது. வறண்ட காற்றில் இழை அறுகிறது. ஐப்பசி மழையிலோ கஞ்சியிட்ட பாவு காய்வதில்லை. பயிரும் அவ்வாறே. பங்குனியில் நீரைப் புகைபோல் தெளித்தால் குடில் குளிரும். ஈரம் மிகுந்த மழைக்காலத்தில் அது பயன் தராது. இலையில் பூஞ்சாணமே படரும். குடிலுக்குள் ஒரே பயிரை மீண்டும் மீண்டும் வைத்தால் வேர்முடிச்சு நூற்புழுவும் மண்ணில் பெருகும்.

அப்படியாயின் நமக்கு உரிய முறை யாது? பரமத்தி வேலூர்ப் பக்கத்துக் கொடிக்காலை நோக்குங்கள். அகத்தியை நெருங்க வளர்த்து, அதன் நிழலில் வெற்றிலைக் கொடியை ஏற்றுகின்றனர். வெயில் வடிகட்டி இறங்குகிறது, ஈரம் காக்கப்படுகிறது, காற்றும் தடையின்றி உலவுகிறது. வெப்ப நாட்டுப் பசுமைக்குடில் இதுவே. இன்றைய நிழல்வலைக் குடிலின் கருத்தும் இஃதேயாகும்.

பயிரின் வாழ்நாள் முழுவதும் குடில் தேவையில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. தக்காளி, மிளகாய், கத்தரி ஆகியவற்றுக்கு மிகுந்த காவல் வேண்டுவது நாற்றுப் பருவமாகிய முதல் 25 முதல் 30 நாட்களே. ஏக்கருக்கு ஏறத்தாழ 10,000 தக்காளி நாற்று என்று கொண்டால், 98 குழிகள் உள்ள தட்டுகள் நூற்றுச் சில்லறை போதும். நடைபாதை உட்பட இவை ஒரு சென்ட் நிலத்தில் அடங்கும். ஒரு ஏக்கருக்குக் கூரை போடுவதற்கும், ஒரு சென்ட்டுக்கு வலை கட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை அங்கத்தினர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

மேலே பாதி வெயிலைத் தடுக்கும் வலையும், பக்கங்களில் அங்குலத்துக்கு 40 கண் உள்ள பூச்சி வலையும் கட்டுக. இலைச்சுருட்டை நோயைப் பரப்பும் வெள்ளை ஈயை இவ்வலை தடுக்கும். கண் நெருங்க நெருங்கக் காற்றோட்டம் குறையும் என்பதை நெசவாளர் நன்கறிவர். ஆதலின் குடிலை உயரமாக அமைத்தல் நலம். தட்டுகளில் மக்கிய தென்னை நார்க்கழிவை நிரப்பலாம். நீர் தேங்கினால் நாற்றழுகல் தோன்றும். மேகமூட்டமான நாட்களில் நிழல் வலையைச் சுருட்டிவிடுக. இல்லையேல் நாற்று மெலிந்து நெட்டையாகும். நடுவதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே நீரையும் நிழலையும் சிறிது சிறிதாகக் குறைத்து நாற்றைப் பழக்குக.

முழுக் குடிலே வேண்டுமென்போரை நாம் தடுக்கவில்லை. பூந்தாது சேராமலே காய்க்கும் வெள்ளரி இரகங்கள் குடிலுக்கென உள்ளன. ஆயினும் மானியம் எவ்வளவு, எப்பொழுது கிடைக்கும் என்பதைத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டறிந்து, கிழிந்த தாளை மாற்றும் செலவையும் கணக்கில் சேர்த்த பின்னரே கையெழுத்திடுக.

பத்து அங்கத்தினர் கூடினால் பத்து சென்ட்டில் ஒரு பொது நாற்றங்காலை அமைக்கலாம். தனியொருவர் தோளில் பெருங்கடன் ஏறுவதைவிட, பலர் கூடிச் சிறிய நிழலொன்றை எழுப்புவதே கூட்டுறவு நெறிக்கும், நம் ஊர் வெயிலுக்கும் பொருத்தமானது என்பது நம் கருத்து.