இசைமேடையை ஆண்டவர்கள்: ஸாரா கால்டுவெல்

சென்ற இதழில், வியன்னாவின் அரசவை ஆப்பராவில் குஸ்தாவ் மாஹ்லர் இசையை நடத்த, ஆல்பிரட் ரோலர் என்னும் ஓவியர் காட்சிகளையும் ஒளியையும் வகுத்துக் கொடுக்க, 1903-ஆம் ஆண்டில் வாக்னரின் 'டிரிஸ்டனும் இஸோல்டேயும்' புது உருவம் பெற்ற வரலாற்றைக் கண்டோம். அவ்விருவருக்கும் மனம் ஒத்திருந்தது அந்த அரங்கு செய்த பாக்கியம். பெரும்பாலான இடங்களில், மேடைக்கு முன்னுள்ள பள்ளத்திலிருந்து வாத்தியகோஷ்டியை நடத்துகிறவருக்கும், மேடையின்மேல் பாடகர்களின் நடையையும் நிலையையும் வகுக்கும் நெறியாளருக்கும் இடையே மூளும் விவகாரம், பாடகி எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிப் பாடவேண்டும் என்பதில் தொடங்கி, யார் இருப்பது யார் போவது என்பதில்தான் முடிகிறது. இந்த வழக்குக்கே இடமில்லாதபடி இரண்டு அதிகாரங்களையும் தாம் ஒருவரே வகித்து, போதாக்குறைக்குக் கம்பெனியின் பணப்பெட்டிச் சாவியையும் தம்மிடமே வைத்துக்கொண்ட ஓர் அமெரிக்கப் பெண்மணியின் சரித்திரத்தை இந்த வாரம் சொல்ல விரும்புகிறேன்.

ஸாரா கால்டுவெல் 1924-ஆம் ஆண்டு மார்ச் மாதம் மிஸௌரி மாநிலத்து மேரிவில் என்னும் சிற்றூரில் பிறந்து, ஆர்க்கன்ஸாஸில் வளர்ந்தவர். பிடில் வாசிப்பில் குழந்தை மேதை என்று பெயரெடுத்து, 14-ஆம் வயதிலேயே உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த அவர், மேற்படிப்புக்காகப் பாஸ்டன் நகரத்து நியூ இங்கிலாந்து சங்கீதக் கலாசாலைக்கு வந்து சேர்ந்தார். மாஸ்கோவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய போரிஸ் கோல்டோவ்ஸ்கி என்பவர் அங்கே ஆப்பராவைப் பயிற்றுவித்துவந்தார். பாத்திரத்தின் ஒவ்வோர் அசைவுக்கும் காரணம் இசைக்குறிப்பிலேயே இருக்கிறது, அதைத் தேடிக் கண்டுபிடிக்காமல் வெறுமனே கையை விரித்து நின்று பாடுவது நாடகமாகாது என்பது அவருடைய சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்தை முழுவதும் உட்கொண்டு, அவருடைய உதவியாளராகப் பல ஆண்டுகள் இருந்து, கோரஸுக்குப் பாடம் சொல்வது முதல் மேடைச் சாமான்கள் சேர்ப்பது வரை எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார் ஸாரா. டாங்கிள்வுட் இசைமுகாமில் வான் வில்லியம்ஸ் இயற்றிய 'கடலை நோக்கிச் செல்வோர்' என்னும் ஆப்பராவை 1947-இல் மேடையேற்றியபோது அவருக்கு வயது 23. 1952 முதல் பாஸ்டன் பல்கலைக்கழகத்து ஆப்பராப் பட்டறைக்கு அவரே தலைவரானார்.

அக்காலத்துப் பாஸ்டனில் சிம்பொனி இசைக்கு இருந்த மதிப்பு ஆப்பராவுக்கு இருந்ததில்லை. 1909-இல் கட்டிய ஆப்பரா மாளிகை ஹண்டிங்டன் வீதியில் ஒன்று இருந்தது. அதையும் 1958-இல் இடித்துவிட்டார்கள். இடித்த அதே ஆண்டில், ஸாராவும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய 'பாஸ்டன் ஆப்பராக் குழு'வின் முதல் தயாரிப்பு, ஆபன்பாக்கின் 'சந்திர மண்டல யாத்திரை', அரங்கேறியது. ரஷ்யர்களின் ஸ்புட்னிக் வானத்திலேறி ஓராண்டுகூட நிறையாத சமயம். தெரிந்தெடுத்த நாடகத்திலேயே அந்த அம்மையாரின் சாமர்த்தியம் விளங்குகிறது.

கம்பெனிக்குச் சொந்தக் கட்டடம் இல்லாமையால், கிடைத்த இடத்தில் ஆடவேண்டியதாயிற்று. முதலில் ஒரு பழைய திரைப்பட மாளிகை. அதையும் 1968-இல் இடித்துவிடவே, சர்வகலாசாலை ஒன்றின் உடற்பயிற்சிக் கூடம் உட்பட வெவ்வேறு இடங்கள். பிறகு, மேடையும் வாத்தியப் பள்ளமும் போதாத ஆர்ஃபியம் கொட்டகை. இந்த அலைச்சலைப் பெரிய துர்ப்பாக்கியமாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில், மாளிகையின் வசதிகள் தொடக்கத்திலேயே கிடைத்திருந்தால் ஸாராவின் கற்பனை அவ்வளவு வேகம் கொண்டிருக்காது.

அந்தக் கற்பனையின் உச்சங்களில் ஒன்று, 1965-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அவர் அமெரிக்காவுக்கு அறிமுகம் செய்த, லுயிஜி நோனோவின் 'சகிப்பின்மை 1960' என்னும் இத்தாலிய ஆப்பரா. நோனோ பகிரங்கமான கம்யூனிஸ்ட். அவருக்கு அமெரிக்க அரசாங்கம் முதலில் விசா மறுத்து, பிறகு விட்டுக்கொடுத்தது. இசையை நடத்துவதற்குப் புரூனோ மதேர்னாவையும், காட்சியமைப்புக்குப் பிராகிலிருந்து யோஸெஃப் ஸ்வோபொதாவையும் வரவழைத்துவிட்டு, தயாரிப்பை ஸாரா தம்மிடம் வைத்துக்கொண்டார். மேடையில் பெரிய திரைகள் தொங்கின. தொலைக்காட்சிக் காமிராக்கள் அரங்கினுள்ளும் வெளியே வீதியிலும் நடப்பவற்றை அந்தக் கணமே அத்திரைகளில் விழச் செய்தன. ஒரு கட்டத்தில் சபையோரின் உருவங்களே திரையில் தோன்ற, தங்களைத் தாங்களே கண்டு அவர்கள் மகிழ்ந்துகொண்டிருக்கையில், படத்தை எதிர்மறையாக மாற்றிவிட்டார்கள். வெள்ளைக்காரச் சீமான்களும் சீமாட்டிகளும் ஒரு நொடியில் கறுப்பர்களானார்கள். நீக்ரோ மக்களின் உரிமைப் போராட்டம் தென் மாநிலங்களில் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்த அந்த மாதத்தில், நிறத்துவேஷத்தைப் பற்றிய எந்தப் பிரசங்கமும் இந்த ஒரு தந்திரத்துக்கு ஈடாகியிராது.

புதுமை என்றால் மின்சாரக் கருவிகள்தாம் என்று நினைத்தவரல்லர் அவர். புதியதைத் தேடிப் புத்தகசாலைகளின் புழுதிக்குள்ளும் புகுந்தார். வெர்டியின் 'டான் கார்லோஸ்' 1867-இல் பாரிஸில் அரங்கேறுவதற்கு முன், நேரம் நீண்டு ரசிகர்கள் கடைசி ரயிலைத் தவறவிட்டுவிடுவார்களே என்று அஞ்சிச் சில பகுதிகளை வெட்டியெறிந்திருந்தார்கள். நூறாண்டுக்குப் பின் ஆராய்ச்சியாளர்கள் மீட்டெடுத்த அப்பகுதிகளைச் சேர்த்து, ஐந்து அங்கமும் பிரெஞ்சு மொழியிலேயே, 1973-இல் அவர் நடத்திக் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டு பெர்லியோஸின் 'டிராய் நகரத்தார்' அமெரிக்காவில் முதன்முதலாக முழுமையாக மேடையேறியதும், 1966-இல் ஷோன்பெர்க்கின் 'மோஸேயும் ஆரோனும்', 1974-இல் புரகோஃபியெவின் 'போரும் அமைதியும்' ஆகியவை அந்நாட்டு மேடையை முதலில் கண்டதும் இந்தக் கட்டடமற்ற கம்பெனியின் முயற்சியால்தான். நியூயார்க்கின் செல்வம் மிகுந்த மெட்ரோபாலிடன் ஆப்பரா துணியாதவற்றைப் பாஸ்டன் துணிந்தது.

அந்த மெட்ரோபாலிடனே இறுதியில் அவரை அழைத்தது. 1975 நவம்பர் 10-ஆம் தேதியிட்ட 'டைம்' பத்திரிகை அட்டையில் அவர் படம் வந்தது. அதே நாளில் நியூயார்க் பில்ஹார்மோனிக் கோஷ்டியைக் கொண்டு, பெண்கள் இயற்றிய இசை மட்டுமே அடங்கிய கச்சேரி ஒன்றை நடத்தினார். இரண்டு மாதங்கள் கழித்து, 1976 ஜனவரி 13-ஆம் தேதி இரவு, மெட்ரோபாலிடனின் வாத்தியப் பள்ளத்தில் அமர்ந்து 'லா டிராவியாட்டா'வை நடத்தினார். 1883-இல் தோன்றிய அந்த ஸ்தாபனத்தில் ஒரு பெண் கோலெடுத்தது அதுவே முதல் தடவை. கதாநாயகியாகப் பாடிய பெவர்லி ஸில்ஸ் அவருடைய நெடுநாளைய தோழி. தோழிக்காக அவர் வாதாடியிராவிட்டால் அந்த அழைப்பு இன்னும் தாமதித்திருக்கும். ஆனால் அங்கே ஸாராவுக்குக் கிடைத்தது பாதி ராஜ்யமே. இசை மட்டும் அவருடையது, மேடை பிறருடையது. அவருடைய முழு ஆற்றலை அறிய விரும்பியவர்கள் பாஸ்டனுக்கே போகவேண்டியிருந்தது.

ஒத்திகைக் காலத்தில் அவர் வீட்டுக்குப் போவதை மறந்து அரங்கத்திலேயே படுத்துறங்குவார் என்பதும், திரை தூக்குவதற்குச் சற்று முன்வரை காட்சிகளை மாற்றிக்கொண்டே இருப்பார் என்பதும் பிரசித்தம். கலைஞருக்கு அழகாகிய இந்தக் குணம் கணக்கெழுதுகிறவருக்கு யமன். ஒத்திகை நீண்டால் கூலி ஏறும். காட்சி மாறினால் மரமும் துணியும் மறுபடி வாங்கவேண்டும். 'போதும்' என்று சொல்லவேண்டிய நிர்வாகியும் அவரே, 'இன்னும் கொஞ்சம்' என்று கேட்கும் கலைஞரும் அவரே என்றால், எந்தக் குரல் ஜயிக்கும் என்பதில் ஐயமென்ன? கடன்காரர்கள் காத்திருந்தார்கள், வாத்தியக்காரர்களும் சில சமயம் காத்திருந்தார்கள். 1978-இல் வாஷிங்டன் வீதியில், 1928-இல் கட்டிய கீத் நினைவுக் கொட்டகையை வாங்கி, கம்பெனிக்கு ஒரு வழியாக வீடு தேடிக்கொண்டார். அப்பழங்கட்டடத்தின் பராமரிப்பு அந்த நிதி நெருக்கடியின்மேல் மற்றொரு பாரமாக ஏறியது. 1988-இல் சோவியத் கலைஞர்களைத் திரளாக வரவழைத்து அவர் நடத்திய மாபெரும் இசைவிழா புகழை வளர்த்த அளவுக்குக் கஜானாவை வளர்க்கவில்லை. 1990-ஆம் ஆண்டோடு கம்பெனியின் நாடகங்கள் நின்றுபோயின, அரங்கும் மூடப்பட்டது.

இரு அதிகாரங்களும் ஒருவரிடமே இருந்ததால்தான் அக்கம்பெனி கெட்டது என்று சொல்வார் உண்டு. இசையையும் மேடையையும் பற்றியமட்டில் இதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்; அவ்விரண்டும் பிரியாமல் இருந்ததுதான் அவருடைய நாடகங்களின் உயிர். பெட்டிச் சாவியை மட்டும் கண்டிப்பான வேறொருவரிடம் கொடுத்திருக்கலாம்.

பிற்காலத்தில் ரஷ்யாவில், யூரல் மலைப் பிரதேசத்து எகடெரின்பர்க் நகரத்தின் வாத்தியகோஷ்டியை விருந்தினராகச் சென்று நடத்திவந்தார். 1996-ஆம் ஆண்டின் தேசியக் கலைப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 2006 மார்ச் மாதம், 82-ஆம் வயதில், மேய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டில் காலமானார். வாஷிங்டன் வீதியின் கொட்டகை அதற்கு இரண்டாண்டு முன்பே செப்பனிடப்பெற்று, 'பாஸ்டன் ஆப்பரா ஹவுஸ்' என்ற பெயருடன் திறக்கப்பட்டிருந்தது; அங்கே இப்போது பெரும்பாலும் பிராட்வே இசைநாடகங்களும் பாலே நடனமும் நடைபெறுகின்றன.

அடுத்த இதழில், 1927 முதல் நான்கே ஆண்டுகள் பெர்லின் நகரின் கிரோல் அரங்கில் ஓட்டோ கிளெம்பெரர் நடத்திய புரட்சி.