இரு படங்களை ஒன்றாக்கல்: ஒரு சுவரொட்டிச் செயற்றிட்டம்

மாணவர்களே, விம்பப் பதிப்பித்தல் என்றதும் கருவிகளின் பெயர்களை மனனம் செய்யத் தொடங்குகிறீர்கள். ஒரு சுவரொட்டியைத் தாமே செய்து பார்த்தவருக்கு இந்த அலகில் மனனம் செய்ய அதிகம் இல்லை. டெங்கு ஒழிப்புச் சுவரொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வளவில் நீர் தேங்கிக் கிடக்கும் சிரட்டையின் படம் ஒன்று. வெள்ளைப் பின்னணியில் எடுத்த நுளம்பின் படம் மற்றொன்று. நுளம்பைப் பெருப்பித்துச் சிரட்டையின் விளிம்பில் இருத்த வேண்டும்.

முதலில் அளவு. A4 தாளை அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற பிரிதிறனில் அச்சிட ஏறத்தாழ 2480 × 3508 பிக்சல்கள் வேண்டும். 640 பிக்சல் அகலமான படம் அதே பிரிதிறனில் 2.1 அங்குல அகலமே வரும் (640 ÷ 300). அதைத் தாள் முழுவதற்கும் இழுத்தால் புதிய விபரம் எதுவும் பிறக்காது. அயல் பிக்சல்களின் நிறங்களைக் கொண்டு மென்பொருள் இடைவெளியை நிரப்புவதால் படம் மங்கும்.

அடுத்து, இரண்டு படங்களையும் தனித்தனிப் படைகளில் (லேயர்) வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒளிபுகும் தாள்கள் என்று நினைத்துக்கொண்டால் போதும். நுளம்புப் படை மேலே இருக்க வேண்டும்.

இனித்தான் கவனம் தேவை. வெள்ளைப் பின்னணியை நீக்க, ஒரே நிறப் பகுதியைத் தானாகத் தெரிவுசெய்யும் கருவியால் சொடுக்கி அழிப்பீர்கள். டெங்கு நுளம்பின் கால்களில் வெள்ளை வளையங்கள் உண்டல்லவா? பின்னணியோடு அவையும் போய்விடும்! வளையமில்லாத நுளம்பைக் காட்டி டெங்கு நுளம்பை இனங்காணச் சொன்னால் சுவரொட்டியே பிழை. அழித்த பிக்சல்கள் கோப்பைச் சேமித்து மூடிய பின் திரும்பி வருவதுமில்லை.

இதற்காகவே லேயர் மாஸ்க் எனப்படும் மறைப்பு உள்ளது. இது பிக்சல்களை அழிப்பதில்லை, மறைக்கிறது. மாஸ்க்கில் கறுப்புப் பூசிய இடம் மறையும், வெள்ளை பூசிய இடம் தெரியும், சாம்பல் பூசிய இடம் அரைகுறையாகத் தெரியும். காணாமற்போன வளையத்தின்மேல் வெள்ளையைப் பூசுங்கள், வளையம் மீண்டும் தோன்றும். சிறகுக்குச் சாம்பலைப் பூசிப் பாருங்கள். சிறகினூடாகச் சிரட்டையின் நீர் தெரியும். இத்தகைய திருத்தங்களுக்கு அழிப்பானைவிட மாஸ்க்கே ஏற்றது.

இவ்வளவு செய்தும் நுளம்பு ஒட்டவைத்தது போலவே தோன்றினால் ஒளியின் திசையைப் பாருங்கள். சிரட்டைக்கு வெயில் இடப்பக்கமிருந்தும் நுளம்புக்கு வலப்பக்கமிருந்தும் விழுந்தால் நுளம்பைக் கிடையாகப் புரட்டிவிடுங்கள். (எழுத்துள்ள படத்தைப் புரட்டக் கூடாது, ஏனென்று சொல்லத் தேவையில்லை.) பிறகு இரண்டு படைகளுக்கும் நடுவே புதிய படை ஒன்றில் நிழலை வரைந்து, ஓரத்தை மங்கலாக்கி, ஒளிபுகாமையைக் குறையுங்கள்.

சேமிக்கும்போது ஜேபெக் மட்டும் போதாது. அது படைகளை ஒன்றாக்கித் தட்டையாக்கிவிடும். என் வகுப்பு மாணவி ஒருவர் ஜேபெக் பிரதியை மாத்திரம் வைத்திருந்து, சிரமதானத் திகதி மாறியதும் முழுவதையும் மறுபடி செய்தார். போட்டோஷொப்பாயின் பிஎஸ்டி ஆகவும், இலவச மென்பொருளான ஜிம்ப்பாயின் எக்ஸ்சிஎஃப் ஆகவும் மூலக் கோப்பை வைத்துக்கொண்டு, அச்சுக்கு வேறாகப் பிரதி எடுங்கள்.

பயிற்சி வினா: 1200 × 900 பிக்சல் கொண்ட விம்பமொன்று அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதமும், பின்னர் 150 பிக்சல் வீதமும் அச்சிடப்படுகிறது. ஒவ்வொன்றினதும் அச்சளவு யாது?
விடை: 4 × 3 அங்குலம்; 8 × 6 அங்குலம். மாறியது அச்சளவு, பிக்சல்களின் எண்ணிக்கை அல்ல.