உஷார்! ஹூக்கா கரி அறைக்குள் எரிகிறது

புது ஹூக்கா செட் வாங்கியாயிற்று. சனிக்கிழமை ராத்திரி நண்பர்கள் வருகிறார்கள். கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு சுற்றி உட்காரப் போகிறீர்கள். இதுதான் திட்டம் என்றால் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். புகையிலை கெடுதல் என்பது உங்களுக்கே தெரியும். புற்றுநோய் வந்தால் இன்னும் இருபது வருஷம் கழித்துத்தானே என்ற துணிச்சலில் பலர் உட்காருகிறார்கள். நான் பதறுவது அன்றைக்கு ராத்திரியே, அந்த அறையிலேயே நடந்துவிடக்கூடிய ஒன்றைப் பற்றி.

செட்டைப் பொருத்துவது சுலபம். அடியில் கண்ணாடிக் குடுவை, நடுவில் தண்டு, உச்சியில் மண்ணாலோ பீங்கானாலோ ஆன கிண்ணம், பக்கவாட்டில் உறிஞ்சும் குழாய். தண்டின் நுனி இரண்டு மூன்று சென்டிமீட்டர் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். கிண்ணத்தில் சர்க்கரைப் பாகும் கிளிசரினும் கலந்து ஊறவைத்த புகையிலை. அதன் மேல் ஊசியால் துளை போட்ட அலுமினியத் தாள். தாளின் மேல் கனன்ற கரி. முதல் முறை பார்க்கிறவருக்குக் கூடப் பத்து நிமிஷத்தில் பிடிபட்டுவிடும். சொல்லிக்கொடுக்கிறவர்களும் தண்ணீர் எவ்வளவு, துளை எத்தனை, புதினா ருசியா ஆப்பிள் ருசியா என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கரியைப் பற்றிப் பேச்சே கிடையாது. ஆளைச் சாய்ப்பது அந்தக் கரிதான்.

ஒரு கட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். தேங்காய்ச் சிரட்டைக் கரியை அரைத்து, அழுத்திச் செய்த 25 மில்லிமீட்டர் சதுரக் கட்டி. ஒரு கிலோ பெட்டியில் 72 இருக்கும். அப்படியானால் ஒன்று சுமார் 14 கிராம். கிண்ணத்தின் மேல் மூன்று வைத்தால் நாற்பது கிராம் கரி, மூக்குக்கு நேரே, மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். இது அரைகுறையாக எரியும் எரிப்பு. அதில் பிறப்பது கார்பன் மோனாக்சைடு: நிறம் இல்லை, வாசனை இல்லை, கண் எரியாது, இருமலும் வராது. பெய்ரூட்டிலுள்ள அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் ஆராய்ந்து பார்த்தபோது, ஹூக்கா புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடில் சுமார் 90 சதவீதம் கரியிலிருந்தே வருவது தெரிந்தது. ஆகவே ‘புகையிலையே இல்லை, வெறும் மூலிகை’ என்று விற்கிற டப்பாவும் உங்களைக் காப்பாற்றாது. மேலே வைக்கிற கரி அதே கரிதானே?

‘தார் 0%’ என்று சில டப்பாக்களில் அச்சிட்டிருப்பதையும் நம்பாதீர்கள். தார் டப்பாவுக்குள் இருப்பதில்லை. சூடுபட்டுப் புகையாகும்போது உண்டாவது அது.

தண்ணீர் வடிகட்டிவிடும் என்ற நம்பிக்கை நானூறு வருஷப் பழசு. புகையைத் தண்ணீர் வழியே செலுத்தினால் கெடுதல் குறையும் என்று யோசனை சொன்னவர் அக்பர் அவையின் மருத்துவர் ஹக்கீம் அபுல் ஃபத் கிலானி என்று சொல்வார்கள். தண்ணீர் புகையைக் குளிர வைக்கிறது, நிகோடினில் கொஞ்சத்தைப் பிடித்துவைக்கிறது, அவ்வளவே. கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் கரைவதே அபூர்வம். குமிழியோடு குமிழியாக மேலே வந்துவிடும். புகை குளிர்ந்து வருவதால் தொண்டை கரகரப்பதில்லை, அந்தத் தைரியத்தில் இன்னும் ஆழமாக இழுக்கிறோம். ஒரு மணி நேரம் ஹூக்கா பிடிப்பவர் உள்ளே இழுக்கும் புகையின் அளவு ஒரு சிகரெட்டைப் போல 100 முதல் 200 மடங்கு வரை இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே எச்சரித்துவிட்டது.

இப்போது ஏசிக்கு வருகிறேன். நம் வீடுகளில் இருக்கும் ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை. அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, குளிர்வித்து, திரும்ப விடுகிறது. மின்விசிறியும் உள்ளே இருப்பதைக் கலக்குமே தவிர வெளியேற்றாது. குளிர் போய்விடும் என்று கதவிடுக்கில் துணியைச் செருகுகிறார்களே, அதைவிடப் பயங்கரம் வேறில்லை. அறை நான்கு சுவருக்குள் குளுகுளுவென்று இருக்கும், விஷம் நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறிக்கொண்டிருக்கும். குழாயைத் தொடாமல் மூலையில் உட்கார்ந்து போன் பார்க்கிற நண்பனுக்கும் அதே காற்றுதான். மலைப்பகுதி விடுதிகளில் குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகளை நாம் படித்திருக்கிறோம். ஹூக்கா கரியும் அந்த வேலையைத்தான் செய்கிறது.

உடம்புக்குள் நடப்பது இது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. பிறகு எத்தனை மூச்சு இழுத்தாலும் மூளைக்கும் இதயத்துக்கும் போக வேண்டியது போவதில்லை. முதலில் தலைவலி, லேசான கிறுகிறுப்பு, குமட்டல். அடுத்து எழுந்து நிற்க முயலும்போது கால் தள்ளாடும். சிலர் அப்படியே மயங்கி விழுவார்கள். நெஞ்சு பதைக்கும் இடம் இதுதான்: புதிதாகப் பிடிப்பவர்கள் இந்தக் கிறுகிறுப்பை ‘கிக்’ என்று நினைத்துவிடுகிறார்கள். “ஏறிடுச்சு மச்சான், கொஞ்ச நேரம் படு, சரியாயிடும்” என்று அதே அறையில் படுக்க வைக்கிறார்கள். கூடவே மதுவும் உள்ளே போயிருந்தால் எது போதை, எது விஷம் என்று யாருக்கும் பிரித்துப் பார்க்க முடியாது. ஒன்றை மனதில் இருத்துங்கள்: ஹூக்காவின் பக்கத்தில் தலை சுற்றினால் அது விஷம் ஏறியதாகவே இருக்கட்டும். படுக்க விடாதீர்கள், வெளியே கொண்டுபோங்கள்.

கர்ப்பிணி இருக்கிற வீட்டில் எந்த அறையிலும் இதைப் பற்றவைக்கக் கூடாது. தாய்க்கு வெறும் தலைவலியாகத் தெரிவது வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு மூச்சுமுட்டலாக முடியலாம்.

நெருப்பையும் சொல்லியாக வேண்டும். தீக்குச்சி காட்டியதும் பற்றிக்கொள்ளும் ‘இன்ஸ்டன்ட்’ கரி வில்லைகளில் பற்றவைக்கும் ரசாயனம் கலந்திருக்கும். பற்றும்போது சடசடவென்று பொறி தெறிக்கும். சிரட்டைக் கரி முழுதாகக் கனலப் பத்து நிமிஷம் பிடிக்கும். அவசரக்காரர்கள் பாதி கறுப்பாக இருக்கும்போதே இடுக்கியால் எடுத்து, பாய், கம்பளம், திண்டு எல்லாம் விரித்த இடத்துக்கு நடந்து வருகிறார்கள். செட் உயரமானது, அடி குறுகலானது. குழாயைச் சற்றே இழுத்தால் போதும், மொத்தமும் சரிந்துவிடும். மும்பை லோயர் பரேலில் கமலா மில்ஸ் வளாகத்து மொட்டைமாடி உணவகங்களில் 2017 டிசம்பர் 29 அதிகாலை தீப்பற்றி 14 பேர் இறந்தார்கள். ஹூக்கா கரியிலிருந்து பறந்த பொறியே காரணம் என்று தீயணைப்புத் துறையின் விசாரணை சொன்னது. அடுத்த வருஷமே மகாராஷ்டிரத்தில் ஹூக்கா பார்களுக்குத் தடை வந்தது. தமிழ்நாடும் பின்னர் சட்டத்தைத் திருத்தி ஹூக்கா பார்களைத் தடை செய்தது; நடத்துகிறவருக்குச் சிறைத் தண்டனை உண்டு. தடையை ஏய்த்து, ஜன்னலை மறைத்து, பின்வாசல் வழியாக ஆளை ஏற்றும் இடங்களுக்குப் போகிறவர்கள் காற்றோட்டமில்லாத அறையைத் தாங்களே தேடிப் போகிறார்கள்.

ஒரே குழாய் வாய் விட்டு வாய் போவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காசநோய் இன்னும் ஒழியாத நாடு இது. ஆளுக்கொரு பிளாஸ்டிக் முனை மாட்டிக்கொண்டாலும் உள்ளே ஈரமாக இருக்கும் குழாய் ஒன்றுதான்.

வேண்டவே வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். அதையும் மீறி உங்கள் வீட்டில் யாராவது பற்றவைப்பார்கள் என்றால், குறைந்தபட்சம் அறைக்குள்ளோ காருக்குள்ளோ வேண்டாம். நாலு பக்கமும் திறந்த மொட்டைமாடியாக இருக்கட்டும், குழந்தைகள் பக்கத்தில் இல்லாமல் இருக்கட்டும். முடிந்ததும் கரியை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். மேலே வெள்ளைச் சாம்பல் பூத்த கட்டி அணைந்துவிட்டது போலத் தோன்றும். இடுக்கியால் உடைத்துப் பாருங்கள், உள்ளே செக்கச்செவேல் என்று இருக்கும். அது கனலும் வரை விஷவாயுவும் வந்துகொண்டே இருக்கும். இரும்பு வாளியில் போட்டு, ‘சொய்’ என்ற சத்தம் முழுக்க அடங்கும் வரை தண்ணீர் ஊற்றி, வாளியை வெளியிலேயே வையுங்கள். பிளாஸ்டிக் குப்பைத்தொட்டி பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

யாராவது மயங்கினால் முதலில் கதவு ஜன்னல்களைத் திறந்து, ஆளை வெளிக்காற்றுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, 108-ஐக் கூப்பிடுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய, ஆக்சிஜன் அளவு காட்டும் விரல் கருவியை மாட்டிப் பார்த்து, 98 காட்டுகிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். ஹீமோகுளோபினில் ஒட்டியிருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று அந்தக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. சாகக் கிடப்பவருக்கும் அது நல்ல எண்ணைக் காட்டும். ரத்தப் பரிசோதனையில்தான் உண்மை தெரியும். அந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும் என்று மருத்துவருக்குத் தோன்ற வேண்டுமானால், நடந்ததை நீங்கள் சொல்ல வேண்டும். அப்பாவுக்குத் தெரிந்துவிடும், போலீஸ் வரும் என்று பயந்து ‘ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கவில்லை’ என்று மழுப்பினால் வாந்திக்கு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். “மூடின அறையில் கரி எரிஞ்சது, ஹூக்கா பிடிச்சோம்” என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். சாதாரணக் காற்றில் இந்த விஷம் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் குறையும். அந்த அறையில் இருந்த மற்றவர்களையும், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்பவர்கள் உட்பட, அதே வண்டியில் அழைத்துப் போய்ப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பக்கத்து அறையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் அதையும் தூக்கிக்கொள்ளுங்கள்.