எண்ணிக்கையும் ஓர் ஆயுதமே!

நம்ம கல்லிடைக்குறிச்சி ரேஷன் கடை ஒன்றில் நானூறு கார்டு இருக்கும்போது, ஒருத்தர் நூறு என்று எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? நூறு கார்டுக்குத்தான் அரிசி வரும். எழுதியவர் யாரையும் அடிக்கவில்லை. ஆனாலும் முந்நூறு வீட்டில் அடுப்பு எரியாது.

2009 தொடக்கத்தில் இலங்கையின் வன்னியில் நடந்ததும் இதுதான். போர்முனையில் சிக்கிய மக்கள் சுமார் 70,000 என்றது அரசு. முல்லைத்தீவில் இருந்த அரசு அதிகாரியோ சுமார் 3,30,000 என்று எழுதி அனுப்பினார். மேலிடத்திலிருந்து அவருக்குக் கண்டனம்தான் வந்தது. போர் முடிந்தபின் முகாம்களில் இருந்தவர்கள் சுமார் 2,90,000 பேர்! கணக்கை வேண்டுமென்றே குறைத்ததால் உணவும் மருந்தும் போதவில்லை என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் எழுதியது. மக்களை வெளியேறவிடாமல் பிடித்து வைத்ததாகப் புலிகள் மீதும் அதே அறிக்கை குற்றம் சாட்டியது.

போரில் பொதுமக்களைப் பட்டினி போடுவதைச் சட்டம் தடுக்கிறது. சரி, அதற்குத் துணைபோன பொய்க்குத் தண்டனை உண்டா? உண்டு, ஆனால் லேசில் கிடைக்காது. 1946 நூரம்பர்க் தீர்ப்பில், யூதர்களை ஒழிக்கத் தூண்டிய பத்திரிகைக்காரர் ஸ்ட்ரைகருக்குத் தூக்கு. ரேடியோவில் பேசிய ஃபிரிட்ஷேவுக்கு விடுதலை! அவர் சொன்ன செய்திகளில் சில பொய்தான். ஆனால் பொய் என்று தெரிந்தே சொன்னார் என்பது நிரூபணமாகவில்லை.

ஆக, ‘தெரிந்தே’ என்பதுதான் பூட்டு. முல்லைத்தீவு அதிகாரி எழுதிய கணக்கு போன்றவைதான் சாவி. தெரிந்தே உதவுகிறவரையும் தண்டிக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்ற ஒப்பந்தத்தில் இலங்கை சேரவில்லை. ஆனாலும் சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்க ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2021-இல் முடிவு செய்தது.

லேபில் ரீடிங்கை மாற்றி எழுதினால் நமக்கு மார்க்தான் போகும். அங்கே உயிர் போயிற்று. நாளைக்கு நாமும் கணக்கு எழுதப் போகிறவர்கள்தானே? பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவோம்!