ரெயிலில் வீசிய வாடை!

1952-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். சென்னையில் இருந்து தனுஷ்கோடிக்குப் போட் மெயில் போய்க்கொண்டு இருந்தது. இலங்கைக்குக் கப்பல் ஏறுகிறவர்கள் போகும் ரெயில் அது. (இன்றும் போட் மெயில் ஓடுகிறது. கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக ராமேசுவரத்துக்குப் போகிறது.)

இருக்கைக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி கிடந்தது. சொந்தக்காரர் யாரும் இல்லை. அதில் இருந்து துர்நாற்றம் வீசியது. மானாமதுரையில் போலீசார் அதை இறக்கித் திறந்தார்கள்.

உள்ளே தலை இல்லாத பிணம்!

அதுதான் ஆளவந்தார் கொலை வழக்கு. சென்னையில் பேனா வியாபாரம் செய்தவர் அவர். தலையை எடுத்துவிட்டால் ஆள் யார் என்று தெரியாது என்பது கொலையாளிகளின் எண்ணம். ஆனால் வாடையைப் பூட்டி வைக்க முடியவில்லை. மறுநாளே அது வெளியே வந்துவிட்டது.

வயலிலும் உண்டு

இந்த வாடை எப்படி உண்டாகிறது?

தஞ்சைப் பக்கத்து விவசாயிக்கு இது புதிது அல்ல. நடவுக்கு முன்பு கொழுஞ்சித் தழையைச் சேற்றில் போட்டு மிதிப்பார்கள். சில நாளில் தழை அழுகும். தண்ணீர் கட்டிய வயலில் சில சமயம் கெட்ட முட்டை போல நாற்றம் எழும். தழையை அழுக வைப்பவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள்.

நம் குடலிலும் பாக்டீரியாக்கள் உண்டு. உயிர் உள்ளவரை அவை கட்டுக்குள் இருக்கும். உயிர் போனதும் உடம்பையே தின்னத் தொடங்கும். உடம்பில் உள்ள புரதம் உடையும். புரதத்தில் கந்தகமும் இருக்கிறது. அதில் இருந்து வருவதுதான் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு. கெட்ட முட்டை நாற்றம் இதனுடையதே.

இந்த வாயு ரத்தத்தோடு சேர்ந்தால் பச்சை நிறம் உண்டாகும். வலது அடிவயிற்றில்தான் முதலில் தெரியும். கோடையில் 12 முதல் 18 மணி நேரத்துக்குள் வந்துவிடும். குளிர் காலத்தில் ஒன்று இரண்டு நாள் ஆகும். ஆகவே, இறந்த நேரத்தைக் கணிக்கும் டாக்டர் வெயிலையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

மல்லிகையில் பிண வாடையா?

1885-ல் ஜெர்மனி டாக்டர் லுட்விக் பிரீகர், அழுகிய சதையில் இருந்து இரண்டு பொருள்களைப் பிரித்தார். ஒன்று புட்ரெசின். இன்னொன்று கடாவரின். லத்தீன் மொழியில் 'கடாவர்' என்றால் பிணம். பிண வாடை என்றால் இவை இரண்டும்தான் என்று வெகு காலம் பேசப்பட்டது.

அமெரிக்காவில் ஆர்பாட் வாஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். ஆராய்ச்சிக்காகத் தானம் செய்யப்பட்ட உடல்களைப் புதைத்து, மேலே வரும் காற்றைப் பிடித்து ஆராய்ந்தார். 400-க்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. வேடிக்கை என்னவென்றால், பிரீகர் கண்ட இரண்டும் அந்தக் காற்றில் சிக்கவில்லை!

இன்னொரு விந்தை. அழுகலில் 'இண்டோல்' என்ற பொருளும் உண்டாகிறது. இதே இண்டோல் மல்லிகைப் பூவின் வாசனையிலும் சிறிதளவு இருக்கிறது. அளவு மிஞ்சினால் நாற்றம். குறைந்தால் மணம்.

வாயுக்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்ட இப்போது கருவிகள் இருக்கின்றன. நம் மூக்கால் அது முடியாது. செத்த எலியா, மனிதனா என்றுகூட அது சொல்லாது. ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கே மரத்துவிடும். கழிவுநீர்த் தொட்டியில் நாற்றம் திடீரென நின்றால், ஆபத்து தீர்ந்தது என்று யாரும் இறங்கிவிடக் கூடாது.

போட் மெயிலில் மூக்கு செய்தது முதல் வேலை மட்டுமே. பிறகு ராயபுரம் கடற்கரையில் தலை கிடைத்தது. தலையும் உடலும் ஒருவருடையவையே என்று சென்னை மருத்துவக் கல்லூரிப் பரிசோதனை காட்டியது. 1953-ல் தீர்ப்பு வந்தது. கணவனுக்கு 7 ஆண்டு, மனைவிக்கு 3 ஆண்டு சிறை.