இலையுதிர் காலத்தில் செடியை ஏன் பிரித்து நடுகிறார்கள்?

இங்கிலாந்தில் செப்டம்பர், அக்டோபர் வந்துவிட்டால், செழித்து நிற்கும் டேலிலி, ஹோஸ்டா கொத்துகளைத் தோண்டித் துண்டு போடுவார்கள். ஏன்?

இவை பல்லாண்டுச் செடிகள். ஆண்டுதோறும் கொத்தின் ஓரங்களில் புதுத் தளிர் விட்டுப் பரவும். நடுப்பகுதி முதிர்ந்து, நெருக்கத்தில் நீரும் சத்தும் போதாமல் சோர்ந்துவிடும், பூ குறையும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்தால், இளந்துண்டு ஒவ்வொன்றும் தனிச் செடியாகும். விதையில் முளைக்காததால் தாய்ச்செடியின் நிறமும் குணமும் மாறாது.

ஏன் அந்தப் பருவம்? காற்று குளிர்ந்திருப்பதால் இலைகள் இழக்கும் நீர் குறைவு. மண்ணோ கோடைச் சூட்டை மெதுவாகத்தான் விடும். ஆகவே மேலே வளர்ச்சி அடங்கினாலும் கீழே வேர் ஓடும். தரை உறைவதற்கு 4 முதல் 6 வாரங்கள் முன்பே நட வேண்டும். தாமதித்தால், உறைந்து இளகும் மண் வேர் பிடிக்காத செடியை வெளியே தள்ளிவிடும்.

எப்படி? முதல் நாளே நீர் ஊற்றுங்கள். மறுநாள் வேரோடு தோண்டி, 3 முதல் 5 தளிர்கள் இருக்கும்படி கத்தியால் பிரியுங்கள். முதிர்ந்த நடுப்பகுதியைக் கழித்துவிட்டு, வேர் காயுமுன் பழைய ஆழத்திலேயே நட்டு நீர் விடுங்கள். பியோனி என்ற பூச்செடிக்கு மட்டும் கூடுதல் கவனம் தேவை: அதன் வேர்த்தலையில் இருக்கும் தளிர் மொக்குகளை 5 செ.மீ.க்கு மேல் புதைத்தால் இலை வரும், பூ வருவது அரிது.

ஆனால் இலையுதிர் காலத்தில் பூக்கும் ஆஸ்டரை வசந்தத்தில் பிரிப்பதே நல்லது. பூக்கும் வேளையில் வேருக்குச் செலவிட அதனிடம் சத்து மிஞ்சாது.