மாணவரின் கணினிக் கல்வியும் மலைக் கிராமங்களின் தேவையும்

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வு நிலையம் இருப்பதை நம்மில் பலர் அறிவர். யுரேனஸ் என்னும் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டென்பதை 1977ஆம் ஆண்டில் நோக்கிய நிலையங்களுள் அதுவும் ஒன்று. கோளின் வளையத்தைக் காட்டிய விஞ்ஞானம், அதே மலையின் சிற்றூர்களுக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையையும் காட்ட வேண்டுமன்றோ? நள்ளிரவில் பாம்பு தீண்டியவரை ஏற்றிச் செல்ல வரும் 108 ஊர்தியின் ஓட்டுநர், எவ்விடத்தில் திரும்பி எந்த ஓடையைக் கடப்பது என்று அறியாவிடின் ஓர் உயிர் போகக்கூடும். இத்தகைய தேவைகளுக்குக் கல்லூரி மாணவரின் கணினிக் கல்வியைப் பயன்படுத்தும் முறை ஒன்று உலகில் வளர்ந்து வருகிறது. அதனைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்துகொள்வது நலம்.

திறந்த மூல மென்பொருள் யாது?

கணினிக்கு இடப்படும் கட்டளைகளின் தொகுப்பே மென்பொருள். மனிதர் எழுதிய அதன் மூல வடிவத்தைச் சில நிறுவனங்கள் மறைத்து வைத்துப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் வழங்குகின்றன. வேறு சில மென்பொருள்களின் மூல வடிவத்தையோ யாவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். இவையே திறந்த மூல மென்பொருள்கள். நம் முன்னோர் ஏரிகளுக்குச் செய்த குடிமராமத்தை இதற்கு ஒப்பிடலாம். ஒருவர் கரையை உயர்த்துவார். மற்றொருவர் மதகைச் செப்பனிடுவார். பயனோ ஆயக்கட்டு முழுவதற்கும் உரியது. நோய், வெள்ளம், நிலநடுக்கம் முதலியவற்றால் துன்புறுவோருக்கென இவ்வாறு கூடி ஆக்கப்படுபவை மனிதநேயத் திறந்த மூலத் திட்டங்கள் எனப்படும்.

இலங்கையில் பிறந்த முயற்சி

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. காணாமற்போனவர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எங்கு எப்பொருள் தேவை என்னும் கணக்குகளைத் தாளில் எழுதி முடித்தல் இயலாததாயிற்று. அந்நாட்டுக் கணினி வல்லுநர்கள் தொண்டர்களாகக் கூடிச் சில வாரங்களில் ‘சகானா’ என்னும் மென்பொருளை ஆக்கினர். சிங்கள மொழியில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்பது பொருள். மூல வடிவம் திறந்திருந்தமையால், 2005ஆம் ஆண்டு பாகிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபோது அங்கும் அது பயன்பட்டது.

2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்து டிரினிட்டி கல்லூரி, தன் கணினி மாணவரைச் சகானாவின் பணியில் ஈடுபடுத்தியது. பின்னர் வேறு கல்லூரிகளும் இம்முறையைக் கைக்கொண்டன. 2010 ஜனவரியில் ஹைட்டி நாட்டு நிலநடுக்கத்தின்போது, பல நாட்டுத் தொண்டர்கள் விண்கோள் படங்களைப் பார்த்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொது வரைபடத்தில் அந்நாட்டுத் தெருக்களை வரைந்தனர். மீட்புக் குழுவினர் அதைப் பயன்படுத்தினர். 2018 ஆகஸ்டு வெள்ளத்தின்போது கேரளத்தில் மாணவரும் பொறியாளரும் அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை அமைப்புடன் சேர்ந்து, உதவி வேண்டுவோரின் இருப்பிடத்தையும் முகாம்களின் தேவைகளையும் பதியும் திறந்த மூலத் தளம் ஒன்றை நடத்தினர்.

மாணவர் பெறும் பயன்

தேர்வுக்காக எழுதும் நிரல் தேர்வோடு மறக்கப்படும். பிறர் எழுதியதைப் படித்தறிதல், பயன்படுத்துவோரைக் கேட்டறிதல், செய்ததைப் பின்வருவோர் விளங்கிக்கொள்ளுமாறு எழுதி வைத்தல் ஆகியவற்றை உண்மையான பணியே கற்பிக்கும். நிரல் எழுதத் தெரியாத புதிய மாணவரும் தமிழாக்கம் செய்யலாம். பிழைகளைக் கண்டு தெரிவிக்கலாம். வரைபடத்தில் பாதைகளைக் குறிக்கலாம்.

நாம் செய்யத்தக்கவை

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர்ப் பகுதிக் கல்லூரிகளில் கணினி பயிலும் மாணவர் பலர். நமது ஊராட்சிகள் அவர்களை அழைத்துப் பணி தரலாம். முதற்பணி வரைபடமே. விண்கோள் படம் கூரையையும் பாதையையும் காட்டும். ஊரின் பெயரைக் காட்டாது. ‘கொல்லை’ என முடியும் ஊர்கள் பல உள்ள மலையில் எது எந்தக் கொல்லை என்பதை அவ்வூர் மக்களே கூறவல்லர். மழைக்காலத்தில் எந்த ஓடை வழியடைக்கும், எவ்வளவு தூரம் வண்டி செல்லும், எந்த ஊற்று கோடையிலும் வற்றாது என்பனவும் அவர்கள் அறிந்தவையே. கிராம சபையில் இவற்றைப் பட்டியலிட்டு, மாணவர் வரைந்ததைச் சரிபார்த்து, பிழை நீக்கித் தருதல் ஊராட்சியின் கடமையாகும்.

எச்சரிக்கைகளும் உண்டு. தனியாரின் நோய் விவரம், ஆதார் எண், தொலைபேசி எண் ஆகியவற்றைப் பொது வரைபடத்தில் ஏற்றலாகாது. தேனடையும் மூலிகையும் உள்ள இடங்களை வெளியிடுவதா என்பதை அவற்றால் பிழைக்கும் மக்களே தீர்மானிக்க வேண்டும். கல்வியாண்டு முடிந்ததும் மாணவர் சென்றுவிடுவர். ஆதலால் ஊரில் இருவரேனும் திருத்தும் முறையைக் கற்றிருத்தல் அவசியம்.

வரைபடம் சாலையாகிவிடாது, மென்பொருள் மருத்துவராகிவிடாது. ஆயினும் இல்லாத சாலை எங்கே என்பதை ஐயமின்றிக் காட்டும் வரைபடம், கோரிக்கை மனுவுக்கு வலுவூட்டும்; இருக்கும் வழியைக் காட்டி ஊர்தியை விரைந்து சேர்ப்பிக்கும். ஊர் கூடினால்தான் தேர் நகரும். மாணவர் வடம் பிடிக்க வரும்போது, வழி காட்ட நாமும் முன்வருவோமாக!